சங்கு ஊதிய பிறகு

ஆகஸ்ட் பதினாறாம் தேதி என்றால் மங்கையர்க்கரசிக்கு இரண்டு வேலைகள் நிச்சயம். முந்தின நாள் விழாவின் குப்பையை அள்ளச் சொல்வது ஒன்று. மருதாயியிடம் 'இந்த வருடமும் இல்லை' என்று சொல்வது இன்னொன்று. முதல் வேலைக்கு ஆள் உண்டு. இரண்டாவதைப் பதினோரு வருடமாக அவளேதான் செய்துவருகிறாள்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது அந்த நிலையம். வாசல் பலகையில் மூச்சு முட்டுகிற அளவுக்கு ஒரு நீளமான அரசாங்கப் பெயர். ஊர் வைத்த பெயர் 'காது'. பஸ் கண்டக்டர்கூட "காதெல்லாம் எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார். போய்விட்ட காலத்தின் சத்தத்தைக் கேட்கிற யந்திரம் உள்ளே இருக்கிறது. ஆனால் அது இஷ்டத்துக்குக் கேட்காது. எந்தத் தேதியில் நடந்ததோ அந்தத் தேதி திரும்ப வரும்போதுதான் கேட்கும். அதுவும் பன்னிரண்டே நிமிடம். அப்புறம் அடுத்த வருடம்.

நேற்று ஆகஸ்ட் பதினைந்து. பெரிய நாட்களையெல்லாம் 'நாள் குழு' என்று ஒன்று தன் கையில் வைத்திருக்கிறது. விடுதலை கிடைத்த நாள், தலைவர்கள் பிறந்த நாள், இறந்த நாள், புயல் அடித்த நாள், பாலம் திறந்த நாள் என்று வருடத்தில் நாற்பது நாள் அவர்களுடையது. கேட்க வேண்டியதையெல்லாம் முதல் ஏழெட்டு வருடத்திலேயே கேட்டு முடித்துவிட்டார்கள். இப்போது சொந்தக்காரர்கள் கணக்கில் ஓடுகிறது. நேற்று, குழுத் தலைவரின் கொள்ளுத்தாத்தா 1947-இல் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிப் பேசிய பேச்சு. ஷாமியானா போட்டு, போண்டா கொடுத்து, நானூறு பேர் கேட்டார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் நாலு நிமிடம் மைக் கூவியது. ஐந்து நிமிடம் யாரோ ஒருவர் தொலைந்த செருப்பைத் தேடினார். மிச்சத்தில் கொள்ளுத்தாத்தா இருமினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மங்கையர்க்கரசியும் தட்டினாள், முட்டி வலியோடு.

மற்ற நாட்கள் பொதுமக்களுக்கு. ஆரம்பத்தில் சாலை வரைக்கும் வரிசை நின்றது. அப்பா சாகும்போது என்ன சொன்னார், தம்பி வீட்டை விட்டுப் போன அன்று யார் என்ன பேசியது என்று கேட்க வந்தார்கள். கேட்டுவிட்டுப் போன குடும்பங்களில் பாதி இரண்டாக உடைந்தது. ஒரு வீட்டில் வெட்டுக்குத்து. ஊர் மெல்லப் புரிந்துகொண்டது. இப்போது வருடத்துக்கு முப்பது மனு வந்தால் அதிகம். மீதி நாளெல்லாம் சும்மா கிடக்கிறது. அலுவலகத்தில் அதற்குப் பெயர் 'வெறுநாள்'.

மருதாயி ஒருத்திதான் விடாமல் வந்தாள். அவள் கேட்பது வெறுநாளாக இருந்திருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும். அவள் கேட்டதோ ஆகஸ்ட் பதினைந்து.

பதினோரு மணி வாக்கில் வந்தாள். அறுபத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு, லால்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வழக்கமாக இரண்டு பேர் வருவார்கள். அவள் உள்ளே வருவாள், வீட்டுக்காரர் பொன்னுரங்கம் வாசலில் புங்க மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். மங்கையர்க்கரசி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெஞ்சில் யாரும் இல்லை.

"அய்யா வரலியாம்மா?"

"மே மாசம் போயிட்டாரு மேடம்."

மங்கையர்க்கரசி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். மருதாயி குடிக்கவில்லை. உட்கார்ந்து, மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வருசமும் இல்லதான?"

"இல்லம்மா."

"சரி. கடுதாசியக் குடுங்க. இனிமே வர மாட்டேன். யாருக்காகக் கேக்குறது, தெரிஞ்சு யாரு சட்டையப் புடிக்கிறது?"

அவள் மனு மங்கையர்க்கரசிக்கு மனப்பாடம். 1997. நாட்டுக்கு விடுதலை கிடைத்து ஐம்பது வருடம் என்று ஊரெல்லாம் விழா. பொன்னுரங்கம் பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்குப் போய்ப் பெரிய பிள்ளைகள் இரண்டுக்கும் மிட்டாய் வாங்கி வந்தார். அன்று ராத்திரி வீட்டிலேயே மருதாயிக்குப் பிரசவம். மூன்றாவதும் பெண். குழந்தை ஒரே ஒரு தடவை அழுததைக் கேட்டாள். அதோடு மயங்கிப்போனாள். கண் விழித்தபோது, 'செத்துத்தான் பிறந்தது' என்றார்கள். விடிவதற்குள் வாழைத் தோப்பில் புதைத்தும் ஆகிவிட்டது. மாமியார்க்காரி எதற்கும் துணிந்தவள் என்று ஊருக்கே தெரியும். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் மூன்றாவது பெண் என்றால் என்ன நடக்கும் என்பதும் ஊருக்குத் தெரியும்.

"எங்க வீட்டுக்காரரு மொதல்ல செத்துப் பொறந்துச்சுன்னாரு. நான் அழுகையக் கேட்டேன்னு அடிச்சுச் சொன்னப்புறம், ஆமா, கொஞ்ச நேரம் உசுரு இருந்துச்சுன்னாரு. ஒரே வாயில ரெண்டு பேச்சு. எதை நம்புறது?" என்று முதல் வருடமே சொல்லியிருந்தாள். அந்த ராத்திரிக்குப் பிறகு நாற்பத்து மூன்று வருடம் அவரோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள். பேச வேண்டியதை மகள்களைப் பார்த்துச் சொல்வாள். அவர்கள் கல்யாணமாகிப் போனதும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் மட்டும் வருடா வருடம் கூடவே பஸ் ஏறி வந்தார். ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்து, "கெடைச்சுருமாம்மா?" என்று கேட்டார். குற்றம் செய்தவனுக்கு எவ்வளவு தைரியம் என்று அன்று மங்கையர்க்கரசி நினைத்தாள்.

அச்சடித்த மறுப்புக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னொரு உபகாரம் மேடம். சர்க்காருல எனக்குத் தெரிஞ்சவங்க நீங்கதான்." மஞ்சப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். பொன்னுரங்கத்தின் இறப்புச் சான்றிதழ். "ஆசுபத்திரியில தேதியத் தப்பா எழுதிப்புட்டாங்க. மே பதினொண்ணு ராத்திரி போனவரப் பன்னெண்டுன்னு போட்டிருக்காங்க. திவசத்துக்குக் கொழப்பம் வரும். எங்க போயி மாத்துறது?"

"ராத்திரி எத்தனை மணிக்குப் போனார்?"

"ஆலைச் சங்கு ஊதுற நேரம். ஆலையை மூடிப் பத்து வருசமாச்சு, ஆனா எங்களுக்கு இன்னும் நாலு மணின்னா சங்கு நேரந்தான்."

"நாலு மணின்னா பன்னெண்டாம் தேதிதாம்மா. தப்பில்ல. ராத்திரி பன்னெண்டு அடிச்சதுமே தேதி மாறிடும்ல..."

சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். மருதாயி புரியாமல் பார்த்தாள்.

"அதெப்படி மேடம் மாறும்? விடிஞ்சாத்தான மறுநாளு?"

மங்கையர்க்கரசி மேஜை இழுப்பறையைத் திறந்து பழைய மனுக் கட்டை எடுத்தாள். பதினோரு மனுக்கள். மருதாயிக்கு எழுத வராது என்பதால் பதினொன்றும் இவள் கையெழுத்தில். நாள்: ஆகஸ்ட் 15, 1997. நேரம்: இரவு. எல்லாவற்றிலும் 'இரவு' என்ற ஒரே சொல். எத்தனை மணி என்று ஒரு வருடமாவது கேட்டிருக்கலாம். சுதந்திர தினத்து ராத்திரி என்று அவள் சொன்னாள், இவள் எழுதினாள். இவள் வீட்டிலும் அப்படித்தானே. சிவராத்திரிக்குக் கண் விழித்தால் விடிகிற வரைக்கும் அது ஒரே நாள்தான்.

"மருதாயம்மா, புள்ள பொறந்தது எத்தனை மணிக்கு?"

"மணி யாரு பாத்தா? வலி தாங்காம கெடந்தேன். ஆலைச் சங்கு ஊதுச்சு. அது ஊதி முடிச்ச கையோட பொறந்துச்சு. அப்பறம் ஒண்ணும் தெரியாது. முழிக்கையில கோழி கூவுது."

நேற்று மேடையில் குழுத் தலைவர், நள்ளிரவில் பிறந்த சுதந்திரம் என்று மூன்று தடவை சொன்னார். இருபது வருடமாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் யாராவது அதைச் சொல்கிறார்கள். மங்கையர்க்கரசி இருபது வருடமாகக் கைதட்டுகிறாள். நாட்டுக்கு நள்ளிரவில் தேதி மாறிவிடும் என்று தெரிந்திருந்த அவளுக்கு, லால்குடிப் பக்கத்தில் விடிந்தால்தான் மாறும் என்பது தோன்றவே இல்லை.

அந்தக் குழந்தை பிறந்தது ஆகஸ்ட் பதினாறு. வெறுநாள். இன்று.

"இங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

யந்திர அறையில் இருதயராஜ் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது, பதினாறு வருடமாகக் காதுக்கு அவன்தான் காவல். நேற்று நாலு மணி நேரம் சபாரி சூட் போட்டு நின்ற களைப்பு முகத்தில் இருந்தது.

"இருதயம், இன்னிக்கு ஓட்டிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. வெறுநாள்தான, சாப்பிட்டுட்டு மெதுவா ஓட்டலாம்னு."

வெறுநாளில் யந்திரத்தைச் சும்மா விடக் கூடாது என்று விதி. தெரிந்த சத்தம் ஒன்றைக் கேட்டுப் பார்த்து, சரியாக விழுகிறதா என்று குறித்து வைக்க வேண்டும். அதை அவர்கள் 'சுதி பார்ப்பது' என்பார்கள்.

"எதை வச்சுப் பாக்கப்போற?"

"எப்பவும் போலத்தான். முக்கொம்பு மதகு, எண்பத்தொண்ணாம் வருஷம். தண்ணி ஊத்துற சத்தம். கேட்டுக்கேட்டு எனக்கே ஜலதோஷம் புடிக்குது."

"பதினோரு வருஷமா ஆகஸ்ட் பதினாறுக்கு அதுதானா?"

"அதுதான். ஏன்?"

மங்கையர்க்கரசி சொன்னாள். அவன் சோற்றை மூடி வைத்தான்.

"முப்பது நாளைக்கு முன்னாடி மனு வேணும்க்கா. குழு கையெழுத்து வேணும். உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸு. மாட்டுனா பென்ஷன்ல கை வைப்பாங்க."

"சுதி பாக்க எந்தச் சத்தத்தை வைக்கணும்னு யாரு முடிவு பண்றது?"

"நான்தான்."

"மதகுக்குப் பதிலா ஒரு ஆலைச் சங்கு வச்சுக்கோ. தொண்ணூத்தேழு, காலையில நாலு மணி. இடம் நான் சொல்றேன்."

இருதயராஜ் டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"சங்கு நல்ல சத்தம்தான். சுதி பாக்கத் தோதானது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்தம்மா நெனைக்கிற மாதிரியே இருந்துட்டா?"

"அதைத்தான் பதினோரு வருஷமா கேக்கறாங்க."

மருதாயியை உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. இருதயராஜ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"பூமி சூரியனைச் சுத்தி வருதுல்லம்மா, கோயில் பிரகாரத்தைச் சுத்துற மாதிரி. இன்னிக்கு நிக்கிற எடத்துக்கு அடுத்த வருஷம் இதே தேதியில திரும்ப வரும். இங்க எழும்புன சத்தமெல்லாம் அந்தந்த எடத்துல அடுக்கடுக்காப் படிஞ்சு கெடக்கு. அந்த எடத்தைத் தாண்டுறப்ப மட்டும் கொஞ்சம் உருவி எடுக்கலாம். பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல உருவினா எல்லாம் கலங்கிடும்."

சூரியனும்தானே நகர்கிறது என்று கேட்பவர்களுக்கு நிலையத்தில் இருநூறு பக்க அறிக்கை ஒன்று உண்டு. அதை வாங்கிப் போனவர்கள் மறுபடி கேட்டதில்லை. மருதாயி அதெல்லாம் கேட்கவில்லை.

"அழுதுச்சா இல்லையான்னு தெரிஞ்சுருமா?"

"தெரியும்மா."

"அப்பறம் யாரு என்ன செஞ்சாங்கன்னும்?"

"பேசினா கேக்கும். பாக்க முடியாது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போடுங்க" என்றாள்.

முதலில் சங்கு. எங்கோ தூரத்தில் தொடங்கி, நீளமாக, ஊரையே எழுப்புகிற சத்தம். அது அடங்குவதற்குள் ஒரு பெண்ணின் முனகல் கேட்டது. இருபத்தைந்து வயது மருதாயியின் குரல். அறுபத்தெட்டு வயது மருதாயி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாத்திரம் உருளுகிற சத்தம், யாரோ ஒருத்தி 'முக்குடி, முக்குடி' என்பது, பிறகு ஓர் அலறல்.

பிறகு குழந்தை அழுதது. மெலிதாக, பூனைக்குட்டி மாதிரி. நின்றது. மறுபடி அழுதது.

"இதுவும் பொட்டைதான்" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

"ஆத்தா, எங்கிட்டக் குடு." பொன்னுரங்கம்.

"ஒனக்கெதுக்குடா? வெளிய போ."

"குடுன்னா குடு."

ஏதோ தள்ளுமுள்ளு. கதவு அடிபட்டது. மங்கையர்க்கரசி எழுந்து யந்திரத்தை நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள். மருதாயி அசையவில்லை.

"என்ன ஆத்தா இது, நீலமா இருக்கு? மூச்சு விட மாட்டேங்குதே."

"கொறைமாசம்டா. எட்டு மாசம்கூட முழுசா ஆகல. நிக்காது."

"மூச்சு வுடு தாயி. வுடும்மா." ஊதுகிற சத்தம். குழந்தையின் முகத்திலோ வாயிலோ அவர் ஊதுகிறார். ஓர் அழுகை, விக்கல் மாதிரி. "ஆங், அப்படித்தான். எங்க ராசாத்தில்ல." மறுபடி ஊதினார். "மூச்சு வுடு தாயி."

ஐந்தாவது நிமிடத்தில் அழுகை நின்றது. அவர் நிறுத்தவில்லை. ஊதினார், கூப்பிட்டார், ஊதினார். வேறு சத்தமே இல்லாத வீட்டில் அது மட்டும் நாலு நிமிடம் கேட்டது. இருதயராஜ் திரும்பி நின்றுகொண்டான்.

"போயிருச்சுடா. விடு." கிழவியின் குரல் இப்போது தணிந்திருந்தது.

அந்த ஆள் அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். "அவ முழிச்சுக் கேட்டா செத்துப் பொறந்துச்சுன்னே சொல்லு. உசுரோட இருந்துச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

ஒரு சேவல் கூவியது. பன்னிரண்டு நிமிடம் முடிந்துவிட்டது.

மருதாயி நாற்காலியின் கையை விட்டாள். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அவரு குரலு அப்ப எவ்வளவு எளசா இருந்திருக்கு. மறந்தே போச்சு."

"பதிவு இருக்கும்மா. எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கலாம்" என்றான் இருதயராஜ்.

"வேணாம் தம்பி. போதும்."

மங்கையர்க்கரசி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ரொம்ப அசதியாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"தப்பு என்னோடது மருதாயம்மா. நாலு மணின்னா அது பதினாறாம் தேதி. நான் ஒரு தடவைகூட மணி கேக்கல. மொத வருஷமே கேட்டிருந்தா மொத வருஷமே கெடைச்சிருக்கும்."

மருதாயி அதை மெல்ல யோசித்தாள்.

"அப்ப, போன வருசம் இதே நாளு நாங்க ரெண்டு பேரும் இங்கதான இருந்தோம்?"

"ஆமா."

"அவரு மரத்தடியில."

"ஆமாம்மா."

மங்கையர்க்கரசி அவள் திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"உங்களச் சொல்லி என்னா?" என்றாள் மருதாயி. "அவருதான் சொன்னாரே, கொஞ்ச நேரம் உசுரு இருந்துச்சுன்னு. நானு அதைக் காதுல போட்டுக்கலையே."

வெளியே ஷாமியானாவைப் பிரிக்கிற ஆட்கள் கயிற்றை இழுத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். மருதாயி இறப்புச் சான்றிதழை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"இதுல தேதிய மாத்த வேணாம். பன்னெண்டுதான் சரின்னா அதுவே இருக்கட்டும்." கொஞ்சம் தயங்கினாள். "மே பன்னெண்டு யாருக்காச்சும் வேணுமா மேடம்?"

மங்கையர்க்கரசி நாள் ஏட்டைப் புரட்டினாள். "இல்ல. சும்மாதான் கெடக்கு."

"அன்னிக்கு ஆசுபத்திரியில அவரு என்னக் கூப்புட்டாராம். நர்சம்மா வந்து சொன்னுச்சு. நான் வராந்தாவுல சுவரப் பாத்து உக்காந்திருந்தேன். போகல. என்ன சொல்லக் கூப்புட்டாருன்னு தெரியல."

மங்கையர்க்கரசி ஒரு புதிய மனுவை எடுத்தாள். பெயர், ஊர், உறவு எல்லாம் எழுதினாள். 'நிகழ்ச்சியின் முக்கியத்துவம்' என்ற கட்டத்தில் வழக்கமாக எழுதுகிற 'தனிப்பட்டது' என்பதை எழுதாமல் விட்டாள். நேரத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"சங்கு நேரத்துக்கு முன்னயா, பின்னயா?"

"கூப்புட்டது முன்ன. போனது பொறவு."

"எவ்வளவு முன்ன?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

மே 12, அதிகாலை மூன்றே முக்கால் என்று எழுதினாள். இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள். மருதாயி கைநாட்டு வைத்து, மையைத் தலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மே மாசம் வரேன்" என்றாள்.

அவள் போன பிறகு மங்கையர்க்கரசி பின்னறைக்குப் போய், மறுத்த மனுக்களின் அலமாரியைத் திறந்தாள். இருபது வருடக் கட்டுகள். மேலேயிருந்து ஒன்றை உருவி, நேரம் என்ற கட்டத்தைப் பார்த்தாள். இரவு. அடுத்தது, மாலை. அதற்கடுத்தது, இரவு. அதற்கடுத்ததும் இரவு. எல்லாம் அவள் கையெழுத்து. தரையில் உட்கார்ந்து இரவுகளைத் தனியாக அடுக்கத் தொடங்கினாள். முட்டி வலித்தது.

ஜன்னலுக்கு வெளியே புங்க மரத்தடி தெரிந்தது. வருடா வருடம் பொன்னுரங்கம் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்காருவார், பஸ் வரும்வரை மருதாயி பத்தடி தள்ளி வெயிலில் நிற்பாள். இன்று அவள் பெஞ்சுக்கு வந்தாள். அந்த ஓரத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் வருகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள்.